அமுதவல்லி என்றொரு வாத்து

ஏ தாயி, பிள்ளையைக் கொஞ்சம் மனசுக்குள்ள வாசிக்கச் சொல்லேன். சத்தம் போட்டு வேண்டாம். கோவிச்சுக்கிடாத. நல்லாத்தான் வாசிக்கிறா, தடங்கலில்லாம, கடகடன்னு... அட, நான் ஒருத்தி. நல்லா வாசிக்கிறான்னு வாயால சொல்லக் கூடாது. ஒழுகுற மூக்கும் பேன் பிடிச்ச தலையுமா இருந்துகிட்டு இவ வாசிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போறா? கழுத! முறைக்காத தாயி. நல்லதுக்குத்தான் சொல்றேன். ஏன்னு பெறகு சொல்றேன்.

அந்தப் புத்தகம்தான். அட்டையில அந்த வாத்துப் படத்துக்கு மேல சிவப்பா ஒரு பேரு போட்டிருக்குல்ல, அதை மட்டும் சொல்ல வேண்டாம். இந்த பஸ்சு மதுரை போய்ச் சேர்ற வரைக்கும். நாளையில இருந்து அவ ஊர் கேட்கக் கத்தட்டும், நான் ஏன்னு கேட்க மாட்டேன்.

கீழ எழுதினவங்க பேரு என்ன போட்டிருக்கு பாரு. கொண்டல்சாமி. அவுகதான் எங்க வீட்டுக்காரர். ஆமா, நிசமாத்தான். இந்த மூஞ்சியைப் பாத்தா கதை எழுதுறவரு பொண்டாட்டி மாதிரியா இருக்குன்னு நினைக்கிற. சாத்தூர் பக்கம் எங்க ஊரு. அங்க ஆரம்பப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தாக. வாத்து வாத்தியாருன்னுதான் பிள்ளைக கூப்பிடும். அவுகளுக்கு அதுல ஒரு பெருமை. போன வருசம் போயிட்டாக.

இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டுறாரு? மாட்டு வண்டியே முந்திப் போயிரும் போல இருக்கு. பதினோரு மணிக்கு எம் மகளை உள்ள கொண்டு போயிருவாக தாயி. ஆப்பரேசன். நெஞ்சைத் திறந்து செய்வாகளாம். இருதயத்துல ஓட்டையாம். பிறந்ததுல இருந்தே இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாராம். டாக்டருக்கு என்ன, சொல்லுவாரு. நான் அதுக்கு முன்னாடி போய் வாசல்ல நிக்கணும். கூட வந்து இருக்கிறேன்னுதான் சொன்னேன். அவதான், கூட்டாளிப் பிள்ளை ஒருத்தி இருக்கா, நீ வந்தா சண்டைதான் வரும், ஆப்பரேசன் அன்னைக்கு வந்தாப் போதும்னுட்டா.

இந்த வாத்துக்கு எப்படிப் பேரு வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? பேப்பர்க்காரங்க வந்து கேட்கிறப்பெல்லாம் அவுக சிரிச்சுக்கிட்டே, "குட்டை வாத்துக்கு நீளமாப் பேரு வச்சா பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும்ல"ன்னு சொல்லுவாக. எல்லாரும் அதைத்தான் எழுதுனாங்க. அம்புட்டும் பொய். வச்சது நானு.

எனக்கு முதல் ரெண்டு பிள்ளையும் தங்கல. ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளைக. மூத்தவன் பால் குடிக்கிறப்பவே மூச்சு வாங்குவான். நாவப்பழம் தின்ன மாதிரி நகமெல்லாம் நீலமா இருக்கும். தவழ ஆரம்பிச்சான், போயிட்டான். அடுத்தவன் அதுகூட இல்ல. கட்டின தொட்டில் சேலையை அவிழ்க்க மனசில்லாம அப்படியே விட்டிருந்தேன். காத்தடிச்சா அது பாட்டுக்கு ஆடும். அவுகதான் ஒருநாள் நான் குளிக்கப் போன நேரத்துல அவிழ்த்து மடிச்சு வச்சாக.

மூணாவது வயித்துல இருக்கிறப்ப இது பொம்பளைப் பிள்ளைதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எப்படின்னு கேட்காத, தெரிஞ்சுது. எங்க பக்கம் பிள்ளை பூமியில விழுறதுக்கு முந்தி ஒரு துணி வாங்கி வைக்க மாட்டோம், பேரு யோசிக்க மாட்டோம். ஆனா எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்து ஒரு பேரு மேல ஆசை. பொம்பளைப் பிள்ளை பெத்தா இந்தப் பேருதான்னு தாவணி போட்ட காலத்துலயே முடிவு பண்ணி வச்சிருந்தேன். வாய் நிக்கல தாயி. அடுப்புல நிக்கிறப்ப, தண்ணி எடுக்கப் போறப்ப, வயித்தைத் தடவிக்கிட்டு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டா உள்ள இருந்து ஒரு உதை விடும். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆசை. அவ்வளவுதான்.

பிறந்தா. எலிக்குஞ்சு மாதிரி. அழக்கூடத் தெம்பில்ல. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வந்து பாத்துட்டு, இதையும் விட்டுராத கோமதி, குப்பையில போட்டு எடுத்துருவோம்னா. உங்க பக்கம் உண்டா? சுளகுல, அதான் முறத்துல, பிள்ளையைப் போட்டு, கொண்டு போயி குப்பைமேட்டுல வச்சுருவோம். வேற ஒருத்தி எடுத்துட்டு வந்து, "யாரு பெத்துப் போட்டதோ, குப்பையில கிடந்துச்சு, உனக்கு வேணுமா?"ன்னு கேட்பா. பெத்தவ, வேண்டாம்னு சொல்லணும். மூஞ்சியைத் திருப்பிக்கிடணும். பெறகு போனாப் போகுதுன்னு ஒரு பிடி தவிட்டைக் குடுத்து அதை விலைக்கு வாங்கணும். ஆசைப்பட்ட பிள்ளைன்னாத்தானே அவன் வந்து தூக்குவான்? தவிட்டுக்கு வாங்கின குப்பையை எமன் எடுத்து என்ன செய்யப் போறான்? எனக்குப் பால் சுரந்து ரவிக்கையெல்லாம் நனைஞ்சு கிடக்கு, வாய் மட்டும் வேண்டாம் வேண்டாம்ங்குது. வாங்கினேன். குப்பம்மான்னு பேரு வச்சோம். குப்பி, குப்பின்னு கூப்பிட்டோம்.

அப்பத்தான் பேச்சியக்கா கேட்டா. "வயித்துல இருக்கையில ஏதும் பேரு சொல்லிக் கூப்பிட்டியா?" ஆமான்னேன். "கெடுத்த போ. அந்தப் பேரு அவன் காதுல விழுந்திருக்குமே. பேரைத் தேடிக்கிட்டுல்ல வருவான்? அதைத் தூக்கி வேற எது தலையிலயாவது வச்சுவிடு. கோழிக்கு வை, கன்னுக்குட்டிக்கு வை."

கோழிக்கு வைக்கலாம்னு பாத்தேன். ஆனா கோழி என்னைக்கு இருந்தாலும் சட்டிக்குப் போறது. அது போச்சுன்னா பேரு அவிழ்ந்து திரும்ப வீட்டுக்குத்தானே வரும்? கன்னுக்குட்டியும் அப்படித்தான். சாகாத ஒண்ணுக்கு வைக்கணும். சாகாதது எது இருக்கு சொல்லு.

அவுக அந்நேரம் ஜன்னலோரம் உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தாக. மதுரையில இருந்து வர்ற பிள்ளைக பத்திரிகைக்கு மாசம் ஒரு கதை அனுப்புவாக. அன்னைக்கு வாத்துக் கதை. ஒரு கால் சூம்பின வாத்து, கூட்டத்தோட சேர்ந்து நடக்க முடியாம பின்னாடி போயி மாட்டிக்கிடும். பேரு வைக்கல, வெறும் வாத்துன்னு எழுதியிருந்தாக. நான் போயி, அதுக்கு இந்தப் பேரை வைங்கன்னேன். சிரிச்சாக. "பேரு குட்டையா இருக்கணும் கோமு. ஒரு நொண்டி வாத்துக்குப் போயி கோயில் அம்மன் பேரு மாதிரி இம்புட்டு நீளமாவா வைப்பாங்க?"ன்னாக. நான் பச்ச உடம்போட அவுக காலைப் பிடிச்சேன் தாயி. விடல. அவுக என்னையப் பாத்தாக, சுளகுல கிடந்ததைப் பாத்தாக. பேனாவை எடுத்து வாத்துன்னு இருந்த இடத்துலெல்லாம் அடிச்சிட்டு அந்தப் பேரை எழுதினாக. அவுக கண்ணுல தண்ணி. ஆம்பிளைக்கு என்ன, அழுதாத் தீர்ந்துச்சு. நான் அழல. எனக்கு வேலை இருந்துச்சு.

வண்டி ஏன் நிக்குது? ஏப்பா கண்டக்டரு, என்ன அது முன்னாடி கூட்டம்? மறியலா? காலிக்குடத்தை வச்சுக்கிட்டு... தண்ணி வரலையாம். தண்ணி வேணும்தான், இல்லைங்கல. இன்னைக்குத்தான் வேணுமா? கள்ளிக்குடியே இன்னும் தாண்டல. மணி என்ன தாயி? ஐயோ. சரி சரி, போலீசு வந்து எடுத்து விட்டுருவாங்க. எடுத்து விட்டுருவாங்கல்ல?

பேசிக்கிட்டே இருக்கேன், இல்லாட்டி எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். எங்க விட்டேன்? ஆமா, அந்தக் கதை பத்திரிகையில வந்துச்சு. பிள்ளைகளுக்குப் பிடிச்சுப் போச்சு. அடுத்த மாசமும் வாத்துதான் வேணும்னுட்டாங்க. அடுத்த மாசம் இவுக எழுதினதை நான் வாங்கி வாசிச்சேன். சொல்பேச்சுக் கேட்காம ஓடைக்குப் போன வாத்தை நரி தின்னுருச்சுன்னு முடிச்சிருக்காக. என்ன இதுன்னு கேட்டா, ஆசிரியரு நீதிக் கதையா வேணும்னு சொல்லிட்டாருங்காக. தபால்ல ஏற்கெனவே ஒரு பிரதி போயிருச்சாம்.

கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இதே ரோட்டுல இதே மாதிரி ஒரு பஸ்சுல மதுரைக்குப் போனேன். ஆசிரியரு பேரு ஆத்மநாதன். வெத்தலை போட்ட வாயோட உக்காந்திருந்தாரு. ஐயா, அந்த நரியை விட்டுருங்கன்னேன். அந்த மனுசனுக்கு ஒண்ணும் புரியல. "கதைன்னா நீதி வேணும்மா. அடங்காத பிள்ளைக்குப் பயம் வர வேண்டாமா?"ங்காரு. எம் பிள்ளையைத் தின்னுதான் உங்க நீதி வளரணுமான்னு ஒரு சத்தம் போட்டேன். அச்சு மெஷின் ஓடுறது நின்னு போச்சு, வேலை செஞ்சவங்கெல்லாம் எட்டிப் பாக்காங்க. பிள்ளையை அவரு மேசையில கிடத்திட்டேன். இதைக் கொன்னுட்டுப் பெறகு அச்சடிங்கன்னேன். மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு. "ஏம்மா, எடும்மா பிள்ளையை. வாத்து பிழைச்சுப் போகட்டும்"னாரு.

அன்னையில இருந்துதான் தாயி, எந்தக் கதையிலயும் வாத்து சாகக் கூடாது. என்கிட்ட வாசிச்சுக் காட்டாம ஒரு கதை தபாலுக்குப் போகக் கூடாது. அவுக எழுதுவாக, நான் பாப்பேன். குப்பிக்கு அம்மை போட்டிருந்தப்ப வாத்து வெள்ளத்துல போச்சு, ஒரு ஓலைப்பாயைப் பிடிச்சுக்கிட்டுக் கரையேறிச்சு. இவளுக்கு மாந்தம் வந்தப்ப வாத்து கிணத்துக்குள்ள விழுந்துச்சு. அதை வாளியில மேல தூக்குற வரைக்கும் அவுகளைச் சாப்பிட விடல நானு. ஒவ்வொண்ணுலயும் மாட்டும், தப்பிக்கும், சிறகை உதறிக்கிட்டு, "நான் இங்கனதான் இருக்கேன்!"னு வந்து நிக்கும். பிள்ளைகளும் சேந்து கத்தும்ல அந்த இடத்துல? உம் மக கத்துவாளா? கத்துவா, கத்துவா. எல்லாப் பிள்ளையும் கத்தும். எதுக்குக் கத்துதுங்கன்னு அதுகளுக்குத் தெரியாது.

இன்னொண்ணு கவனிச்சிருக்கியா? யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்த வாத்து திரும்பிப் பாக்காது. நரி கூப்பிடும், முதலை கூப்பிடும், அது பாட்டுக்குத் தத்தக்கா பித்தக்கான்னு போய்க்கிட்டே இருக்கும். திரும்பினா மாட்டிக்கிடும். அது நான் சொன்னதுதான். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறவன் யாருன்னு எனக்குத் தெரியும்ல?

குப்பி வளந்தா. ஓடினா மூச்சு வாங்கும். பிள்ளைகளோட பாண்டி விளையாடுறப்ப பாதியில உக்காந்துக்கிடுவா. உதடு கறுத்துரும். விருதுநகர்ல பெரிய டாக்டரு இருக்காரு, ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துருவோம்னு அவுக எத்தனையோ தரம் சொன்னாக. நான் விடல. ஆஸ்பத்திரியில போயி பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, நோயைச் சொல்லி, அவனுக்கு நாமளே விலாசம் குடுக்கணுமா? வாத்துக்கு மூச்சு முட்டுற மாதிரி ஒண்ணு எழுதுங்க, சரியாப் போகும்னேன். எழுதினாக. புகையில மாட்டிக்கிட்டுத் தப்பிச்ச கதை. வாசிச்சிருப்ப. சரியாத்தானே போச்சு? இன்னைக்கு வரைக்கும் இருக்காள்ல?

வளக்கிறதும் அப்படித்தான் வளத்தேன். நல்ல துணி போட்டு விடல, நாலு வீட்டுல கேட்டு வாங்கின பழந்துணிதான். பொட்டு வச்சு, பூ வச்சு அழகு பாக்கல. ஒருநாள்கூடக் கண்ணே, ராசாத்தின்னு கூப்பிட்டதில்ல. அவ முதல் மார்க்கு வாங்கிட்டு வந்து நின்னா, இந்தக் குப்பைக்கு மார்க்கு ஒண்ணுதான் குறைச்சலான்னு மூஞ்சியைத் திருப்பிக்கிடுவேன். பெத்த வயிறு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு. ஆனா அவளுக்கு அதெல்லாம் புரியும் தாயி. பிள்ளைகளுக்குப் புரியாம இருக்குமா? அவ என்கிட்ட வந்து ஒருநாளும் கேட்டதில்ல. பேசுறதையே கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டா. அமைதியான பிள்ளை.

ஒரே ஒரு தரம்தான். அவ அஞ்சாவது படிக்கையில ஆண்டு விழா. வாத்து நாடகம் போட்டாங்க. வீட்ல சொல்லாம இவ வாத்து வேசத்துக்குப் பேரு குடுத்திருக்கா. இவதானே மூச்சு வாங்கிக் காலை இழுத்து இழுத்து நடப்பா, பொருத்தமா இருக்கும்னு டீச்சரும் சேத்திருக்கா. நான் தெரியாமப் போயி முன்னாடி உக்காந்திருக்கேன். மஞ்சப் பாவாடை, அட்டையில செஞ்ச மூக்கு, தலையில பூ. மேடையில வந்து நின்னாளா, பள்ளிக்கூடமே அந்தப் பேரைச் சொல்லிக் கத்துது. அம்புட்டுப் பிள்ளைகளும் ஒரே குரல்ல. இவ திரும்பினா. சிரிச்சுக்கிட்டுத் திரும்பினா தாயி! வாத்து திரும்பக் கூடாதுல்ல? மேடையில ஏறி முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். இந்தக் குப்பைக்கு வேசம் ஒரு கேடான்னு எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அன்னைக்கு நான் மட்டும் ஏறலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிற?

வீட்டுக்கு வந்து, "அந்தப் பேரு என்னோடதுதானே? அப்பா சொல்லிட்டாரு. எனக்கு வச்சிருந்ததை ஏன் வாத்துக்குக் குடுத்த?"ன்னு கேட்டா. ஆமான்னு வாயைத் திறந்து சொன்னா அவன் காதுல விழும். அவ கத்திரிக்கோலை எடுத்து வீட்ல இருந்த புத்தகத்துல எல்லாம் வாத்தை மட்டும் வெட்டி வெட்டிப் போட்டுட்டா. பசை காய்ச்சி, ஒவ்வொரு வாத்தா எடுத்து, இறகு கசங்காம நீவி நீவி ஒட்டுனேன். அவுக வந்து, "பிள்ளை சாப்பிடாமத் தூங்கிட்டா கோமு, எழுப்பி ரெண்டு வாய் ஊட்டு"ன்னாக. ஊட்டுறதுக்கு நேரமா அது? வாத்து பிஞ்சு கிடக்கு.

ஏப்பா, போலீசு வந்துருச்சா? தாசில்தார் வந்தாத்தான் எந்திரிப்போம்ங்காங்களா? இறங்கி நடந்தா எம்புட்டுத் தூரம் இருக்கும்? ம்... சரி. சரி.

அவுக இருக்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அவுக போன பெறகு இவ என்ன செஞ்சா தெரியுமா? கெஜட்டுல குடுத்துப் பேரை மாத்திட்டா. நர்சு வேலை பாக்கிறா, நாலு எழுத்துப் படிச்சவ, அவளுக்கு யாரு சொல்றது? வாத்துகிட்ட இருந்து பேரைப் பிடுங்கித் தன் தலையில வச்சுக்கிட்டா. எனக்குப் போன் போட்டுச் சொன்னா. நான் போனைக் கீழ வச்சிட்டேன். அதுல இருந்துதான் தாயி அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சது. அதுக்கு முந்தி ஒண்ணும் கிடையாது. நல்லாத்தான் இருந்தா.

இப்ப ஆஸ்பத்திரியில அந்தப் பேரைத்தான் போட்டிருக்காளாம். கட்டில்ல, கையில கட்டின பட்டையில, எல்லாத்துலயும். வார்டுல வந்து வர்றவங்க போறவங்கெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அந்த வாசல்ல அவன் நிக்காம வேற எங்க நிப்பான்? முப்பது வருசமா வாத்துக்குப் பின்னாடி சுத்தவிட்டு ஏமாத்தினேன். இவ போயி நான் இங்கனதான் இருக்கேன்னு சொல்லிட்டா.

நேத்து சாயங்காலம் போன் போட்டா. அழல. சாதாரணமாத்தான் பேசினா. "அம்மா, உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி வந்துரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நீ கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல"ன்னா. நான் வாரேன்னு மட்டும்தான் சொன்னேன். கூப்பிடுவேன்னு சொல்லல. அவ முகத்தைப் பாத்து, எல்லாருக்கும் கேட்க, போடி குப்பைன்னு சொல்லத்தான் போய்க்கிட்டு இருக்கேன். வேற யாருக்கும் அவளைக் காப்பாத்தத் தெரியாது தாயி. டாக்டரு இருதயத்தைத்தான் தைப்பாரு.

மணி என்ன? ஐயோ, நான் போய்ச் சேர மாட்டேன். எம் போன்ல சார்ஜ் இல்ல. உன் போனைக் கொஞ்சம் தாயேன். நம்பரு சொல்றேன், போடு. பாத்துப் போடு. சத்தமாக் கேட்கிற மாதிரி வையி, எனக்குக் காது மந்தம்.

அடிக்குதா? ஏ குப்பீ! நான்தான். வழியில பஸ்சை நிறுத்திட்டாங்க. கூட்டிட்டுப் போக வந்துட்டாங்களா? படுக்க வச்சாச்சா? ம். ம். கேட்குது. அதை மட்டும் கேட்காத. மாட்டேன். சொல்ல மாட்டேன்டி! இம்புட்டுத்தானான்னா? இம்புட்டுத்தான். பீடை. தவிட்டுக்கு வாங்கின கழுத. நீ யாருக்கு வேணும்? எனக்கு வேண்டாம். கேட்குதா, எனக்கு வேண்டாம்! இந்தா பாரு, வைக்காத, இதை மட்டும் கேளு. உள்ள யாரு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத. கண்ணைத் திறக்காத. வாயைத் திறந்து பதில் சொல்லாத. கமுக்கமாக் கிட. கேட்குதா? ஏ குப்பீ. ஏ...

வச்சிட்டா. சரின்னுதானே கடைசியா சொன்னா? உனக்கும் கேட்டுச்சுல்ல? "சரிம்மா, திரும்பல"ன்னா. நல்ல பிள்ளை. நான் சொன்னா ஒருநாளும் தட்ட மாட்டா.

அப்பாடா. ஏன் பஸ்சுல எல்லாரும் என்னையவே பாக்காங்க? பாக்கட்டும். இப்பத்தான் எனக்கு மூச்சு வருது. நீ ஏன் தாயி இப்படி அழுற? பிள்ளை பயப்படுதுல்ல. கண்ணைத் துடை.

என்ன சொன்ன? மறுபடி சொல்லு, சரியாக் கேட்கல. உனக்கு வயித்துல கட்டி எடுத்தப்பவா? மயக்க ஊசி போட்டாங்க, சரி. முடிஞ்ச பெறகு? பேரைச் சொல்லியா எழுப்புவாங்க? கன்னத்தைத் தட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைத் திறங்கன்னு... எல்லாருக்கும் அப்படித்தானா? அவ திறக்கலைன்னா? மறுபடி கூப்பிடுவாங்களா? எத்தனை தடவை கூப்பிடுவாங்க?

நான் திரும்பாதன்னு சொல்லிட்டேனே தாயி.

இல்ல, மயக்கத்துல இருக்கிறவளுக்கு அதெல்லாமா ஞாபகம் இருக்கும்? இருக்கும். அவளுக்கு இருக்கும். நான் சொன்னது ஒண்ணையும் அவ மறந்ததில்ல. திருப்பிப் போடு. அதே நம்பருக்குத்தான், வெரசாப் போடு. அணைச்சு வச்சிருக்காங்களா? மறுபடி போடு. அந்தப் பொம்பளை என்ன சொல்றா, யாரு அது, நர்சா? கம்பெனிக் குரலா? அவகிட்ட சொல்ல முடியாதா? எம் மககிட்டச் சொல்லுங்கன்னு, கூப்பிட்டாத் திரும்பச் சொல்லுங்கன்னு...

கண்டக்டரு, கதவைத் திறப்பா. நான் நடக்கேன். அந்தப் பொம்பளைக காலுல விழுந்து குடத்துக்கு ஊடால போயிருவேன். அந்தப் பக்கம் போயி ஆட்டோ பிடிச்சா, அவ முழிக்கிறதுக்கு முன்னாடி போயிறலாம்ல? நானே போயி கூப்பிட்டுருவேன். நர்சு கூப்பிட்டுத் திரும்பாட்டிக்கூட நான் கூப்பிட்டாத் திரும்புவா. வயித்துல இருக்கிறப்பவே உதைச்சவதானே.

இரு, இரு. வாய் வரணுமே. அம்புட்டு வருசமாச் சொல்லாத பேரு. நாக்கு ஒட்டிக்கிடுது. ஏ பாப்பா, இங்க வா, என் கண்ணு. வாசிச்சியே, அட்டையில இருக்கிறதை ஒரு தடவை சொல்லு. பயப்படாத. சத்தமாச் சொல்லு, பாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ம், இப்ப நான் சொல்றேன். அமுத... அமுதவல்லி.

அமுதவல்லி. ஏ அமுதவல்லி. அம்மாடி, இங்க பாரு, அம்மாதான் கூப்பிடுறேன்.

இப்படித்தானே தாயி? இப்படிக் கூப்பிட்டாத் திரும்புவாள்ல?